பெட்டி பொறுப்பெடுத்தது

தோண்டும்போது நின்றவர்கள்: மச்சாள், அதாவது என்ர அண்ணன்ர மனுசி. அவவின்ர மகள். பக்கத்துக் காணிக்காரர். நான்.

இடம் எனக்குத்தான் தெரியும். சண்டை கிட்ட வந்த கிழமை நானும் அண்ணனும் அவருடைய கொம்பியூட்டரை மண்ணுக்குள் தாட்டது. பொலித்தீன் சுற்றி, உமி போட்டு, கிணற்றடிக்கு மேற்கே. பிறகு எங்களை இந்தியாவுக்குப் படகில் ஏற்றிவிட்டு அவர் நின்றார். மாடுகளை விற்றுப்போட்டு அடுத்த படகில் வாறன் என்றார். வரவில்லை.

ஊர் திரும்பி, காணாமல்போனவர் என்று பதியப் போனால் அவருடைய படம் கேட்டார்கள். அல்பம் படகேறின அன்றைக்கே கடலோடு போயிற்று. இருந்தால் கொம்பியூட்டரில்தான் இருக்கவேண்டும்.

மண்வெட்டி தகரத்தில் பட்டது. எல்லாரும் பின்னுக்குப் போனோம். கண்ணிவெடி என்றால் இவ்வளவு நேரம் கதைக்க விடாது என்றார் காணிக்காரர். ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணன் அதை ரெடிமேட்டாக வாங்கவில்லை. சமாதான காலத்தில் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு சாமானாக வாங்கிவந்து தானே பூட்டினவர். வெள்ளைப் பெட்டி.

மன்னார் ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். போர்ட் உக்கிப்போச்சு, ரெடிமேட் எடுத்தால் இன்றைக்கே கொண்டுபோகலாம் என்றார் கடைக்காரர். மச்சாள் மாட்டன் என்றா. புதுச் சாமானையும் இந்தப் பெட்டிக்குள்ளேயே பூட்டச் சொன்னா. வெளிநாட்டில் இப்ப பழசு மாதிரியே புதுப்பெட்டி செய்து விற்கிறாங்களாம், உங்களுக்கு மண்ணுக்குள்ள சும்மா கிடைச்சிருக்கு என்று அவர் பகிடி விட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் மச்சாளின் ஃபோன் அடித்தது. கையில் சுளகு. சத்தத்தைக் கூட்டி நிலத்தில் வைத்தா. கடைக்காரர் தான் யாரென்று சொல்லவில்லை.

"அக்கா, பெட்டி ரெடி. வந்து பொறுப்பெடுங்கோ."

பிரேதத்தைத்தான் ஆஸ்பத்திரியில் பொறுப்பெடுக்கச் சொல்லுவார்கள். அது வருவதும் பெட்டியில்தான். மச்சாள் சுளகை வைத்தா.

"முகம் பார்க்கலாமோ?"

"முன்பக்கம் மஞ்சளாப் போச்சு அக்கா. உள்ளுக்குப் பழுதில்லை."

நான் ஃபோனை எடுத்தேன். கொம்பியூட்டர்க் கடை, மச்சாள் என்றேன். ஓம் என்றா. அதற்குள் நெற்றியில் பொட்டு இல்லை. எப்ப அழித்தா என்று நான் காணவில்லை. ரவுணுக்கு வெளிக்கிட முன் கண்ணாடியைப் பார்த்துத் திரும்ப வைத்தா.

கடையில் பெட்டி வேலை செய்தது. பழைய டிஸ்க்கும் திறந்தது. கோயில் திருவிழா, வயலில் நெல்லுச் சூடடிப்பு, குழந்தையாக மகள், மச்சாள், நான், மாடுகள். அண்ணன் ஒன்றிலும் இல்லை. கமெரா எப்பவும் அவர் கையில். பதிய ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

எழும்புவோம் என்றேன். மகள் விடவில்லை. ஒரு படத்தில் விரல் வைத்தாள். பின்னேர வெயில். மாட்டுக்கு முன்னால் நிலத்தில் ஒரு ஆளின் நிழல், இரண்டு முழங்கையும் தூக்கினபடி.

"இது அப்பா."

மச்சாள் முதலாவது படத்துக்குத் திரும்பப் போனா. ஒவ்வொன்றிலும் நிலத்தைப் பார்த்தா. விரலை மடித்து எண்ணினா. கடைக்காரர் கதவு பூட்டாமல் காத்திருந்தார்.

படம் நூற்றிப் பன்னிரண்டு. நிழல் விழுந்தது ஏழு.