வேலைக்கு ஐந்து பேர், வாசலில் பதினாறு பேர்

ஒரு வேலைக்கு ஐந்து பேரை அழைத்திருந்தோம். காலையில் எண்ணிப் பார்த்தேன், களஞ்சியக் கட்டடத்துக்கு முன்னால் பூவரச நிழலில் பதினாறு பேர் நின்றார்கள். இருந்த கதிரைகள் ஏழு. அதில் மூன்று எங்களுக்கு. மற்றவர்களை எங்கே இருத்துவது, தேநீருக்குப் பால்மா போதுமா என்ற யோசனையில், கேட்க வைத்திருந்த கேள்விகளே எனக்கு மறந்துபோயின. “இவ்வளவு பேரும் வேலைக்கோ?” என்று ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் சிவபாதத்திடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “வேலைக்கு அஞ்சு பேர்தான் அண்ணை. மிச்சம் அவையின்ட ஆக்கள்.”

இதை நோர்வேயில், பேர்கன் நகரில் இருந்துகொண்டு எழுதுகிறேன். இங்கே வேலை கேட்கப் போகிறவர் தனியேதான் போவார். அது தெரியாமல் வந்த புதிதில் என் முதல் நேர்முகத்துக்கு மைத்துனரையும் கூட்டிப்போனேன். மேலாளர் அம்மா இருவருக்கும் காப்பி ஊற்றிவிட்டு, “ஒரு வேலைதானே இருக்கிறது, யாருக்கு?” என்று கேட்டார். “எனக்கு. இவர் நான் நல்லவன் என்று சொல்ல வந்தவர்” என்றேன். அவர் மைத்துனரை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, என்னை எடுத்துக்கொண்டார். அவருடைய மீன் களஞ்சியத்தில் வேலை பார்த்து மூத்தவனான பின் அதே அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து ஆட்களைத் தெரிவு செய்கிறவனாகவும் ஆனேன்.

அந்த அனுபவத்தை நம்பித்தான் சிவபாதம் என்னைக் கூப்பிட்டார். போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம் அது. முருங்கனுக்கு உட்பக்கமான எங்கள் ஊருக்குச் சனம் திரும்பி, வயல் திருத்தி, விதைநெல் வைக்கப் புதிதாக ஒரு களஞ்சியமும் கட்டியிருந்தது. அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். நான் சில மாதங்கள் ஊரில் நிற்க வந்திருந்தேன். சிவபாதம், பள்ளி ஆசிரியையும் பொருளாளருமான பரமேஸ்வரி, நான் என்று மூன்று பேர் கேள்வி கேட்பதாக முடிவாயிற்று.

பேர்கனில் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதையே முதலில் வந்த இளைஞனிடம் கேட்டேன். “தம்பி, உங்களிட்ட உள்ள பலவீனம் என்ன?”

அவன் திகைத்தான். யன்னலுக்கு வெளியே நின்ற மாமன் தலையை நீட்டினார். “பெடியனுக்கு ஒரு வருத்தமுமில்லை ஐயா! ஆசுப்பத்திரி வாசலே மிதிச்சதில்லை!”

பரமேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்தக் கேள்வி எதற்கென்று எனக்கே பேர்கனில் பல காலம் விளங்கவில்லை. மேசைக்கு மறுபக்கம் போன பிறகுதான் விளங்கியது. நாளைக்கு ஒரு பிழை நடந்தால் இந்த ஆள் வந்து சொல்வாரா, மூடி மறைப்பாரா என்று அறியத்தான் அதைக் கேட்கிறோம். வேலை கேட்கிறவருக்கு மட்டுந்தான் பயம் என்று நான் நினைத்திருந்தேன். வேலை கொடுப்பவரின் பயம் அதைவிடப் பெரிது.

நான்காவதாக வந்தவர் கலைச்செல்வி. அவருக்கு மட்டும் வெளியே ஒருவரும் இல்லை. சிறுபிள்ளையாக வெள்ளாங்குளத்திலிருந்து தாயோடு கடல் கடந்து, தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, திருச்சிப் பக்கம் ஓர் அரிசி மண்டியில் வேலை பார்த்தவர். தாயோடு திரும்பி வந்தபோது இங்கே வேறு சொந்தக்காரர் எவரும் மிஞ்சியிருக்கவில்லை. இந்த வேலையும் சரிவராவிட்டால் முகாமுக்கே திரும்பிவிடுவோம் என்று தாய் சொல்லியிருந்தாராம். தனக்கு அங்கே போக விருப்பமில்லை என்றார். அவரிடமும் பலவீனத்தைக் கேட்டேன்.

“தெரிஞ்சவங்க வந்து கேட்டா முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்ல வராது சார். அதான் பயம். ஆனா இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சவங்களே இல்லையே!”

பேர்கனாக இருந்தால் இந்தப் பதிலோடு அவரையே எடுக்க முடிவு செய்திருப்பார்கள். ஐவரும் போனதும் நான் அவர் பெயரைச் சொன்னேன்.

“கெட்டிக்காரிதான்,” என்றார் சிவபாதம். “ஆனா அவவுக்கு ஆர் இருக்கினம்? ஊரின்ட விதைநெல் அண்ணை. ரெண்டு மூடை குறைஞ்சால் நான் ஆரிட்டப் போறது? அந்தப் பெடியனெண்டால் மாமன்ட வாசல்ல போய் நிண்டு கத்துவன்.”

எனக்கு அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. பேர்கனில் விண்ணப்பத்தின் அடியில், ஆளைப் பற்றி விசாரிக்க இரண்டு பேரின் பெயர்கள் இருக்கும். றெஃபரான்சே என்பார்கள். மேலாளர் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அந்த இருவருக்கும் தொலைபேசி எடுப்பார். அந்த இருவர்தான் இங்கே பூவரசின் கீழ் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

“அப்ப நான் பொறுப்பு,” என்றேன்.

“நீங்கள் எப்ப அண்ணை போறியள்?”

“வாற மாதம்.”

என்னைச் சிவபாதத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கத்துவதற்கு என் வாசல் அங்கே இருக்காது.

பரமேஸ்வரிதான் வாய் திறந்தார். “தலைவர், மாமன் இருந்தால் மாமனுக்கும் நெல் போகும். ஆக்கள் இல்லாத பிள்ளையிட்ட அந்தக் கரைச்சல் இல்லை. பயமெண்டால் ரெண்டு பூட்டுப் போடுங்கோ. ஒரு திறப்பு அவவிட்ட இருக்கட்டும், மற்றது எங்களிட்ட இருக்கட்டும். சிறுபோக அறுவடை முடியப் பாப்பம்.”

சிவபாதம் தாடையைச் சொறிந்தார். “உந்த ரீச்சர் மூளையை வைச்சுக்கொண்டு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?”

“நீங்கள் ரெண்டு பேரும் விட்டால்தானே.”

மத்தியானமே முருங்கனிலிருந்து இரண்டாவது பூட்டு வந்தது. கலைச்செல்வியைக் கூப்பிட்டுத் திறப்பைக் கொடுத்தபோது அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். “இதை அம்மாகிட்டக் காட்டிட்டு ஓடி வந்திடட்டுமா சார்?” என்று கேட்டார். “போயிட்டு வாங்கோ பிள்ளை,” என்று சிவபாதம் சிரித்தார்.

மற்றத் திறப்பு சிவபாதத்தின் கையில் இருந்தது. கலைச்செல்விக்காக வாதாடியவன் நான் என்பதாலோ என்னவோ, என் கை தன்பாட்டில் நீண்டுவிட்டது. சிவபாதம் அதைக் கண்டார். “நீங்கள் போற ஆளெல்லோ அண்ணை,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பரமேஸ்வரியிடம் கொடுத்தார். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. களஞ்சியக் கதவடிக்குப் போய், புதுப்பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பூட்டியிருந்தது.