கயிறு கட்டாத கை

கூமாப்பட்டிப் பால்பாண்டி தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வாலிப வயதிலிருந்து தேங்காய் வெட்டுகிறவர். எந்த மரமும் அவரைக் கீழே தள்ளியதில்லை. விழுந்தது மொபெட்டிலிருந்து. வத்திராயிருப்பு ரோட்டில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்தவர் வண்டியோடு வாய்க்காலில் இறங்கினார். கால் எலும்பு முறிந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு கிடந்தார்.

குடியை விடு என்று அவருக்குச் சொல்லாத ஆள் ஊரில் கிடையாது. சொல்லச் சொல்லத்தான் அவர் குடித்தார். பெண்டாட்டி வெள்ளத்தாய் அழுதால் ஒரு கிளாஸ், மச்சினன் தனுஷ்கோடி புத்தி சொன்னால் இரண்டு. குடியில் பாதி வீம்பு.

மூன்று தடவை கோயிலில் கயிறு கட்டிவிட்டார்கள். பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டினால், கெடு முடியும்வரை குடியைத் தொடக்கூடாது. மீறினால் சாமி கேட்கும். காலில் தளைக்கயிறு மாட்டி மரம் ஏறுகிறவருக்கு முடிச்சு புதிதா என்ன? கட்டும்போதே முஷ்டியை இறுக்கி மணிக்கட்டைப் புடைக்க வைத்துக்கொள்வார். பிறகு கயிறு வளையல் மாதிரிக் கழன்று வரும். மதுக்கடை வாசலில் இருக்கிற வேப்பங்கன்றில் அதை மாட்டிவிட்டு உள்ளே போவார். திரும்பும்போது எடுத்துப் போட்டுக்கொள்வார். சாமி பாவம், வெளியே காத்துக்கிடக்கும். இந்தத் தில்லுமுல்லு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் குடி நின்றதும் உடம்பு உதறியது. டாக்டர் மாத்திரை எழுதினார். உதறல் கொஞ்சம் மட்டுப்பட்ட பிறகு காளீஸ்வரி என்கிற பெண் வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். குடிக்கிற நோயாளிகளோடு பேசுவதுதான் அவள் வேலை. பால்பாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"புத்தி சொல்லத்தானம்மா வந்திருக்கே? சொல்லிட்டுப் போ. நான் கேக்க மாட்டேன்."

"சொல்ல வரலண்ணே, கேக்க வந்திருக்கேன். குடிச்சா உங்களுக்கு என்ன நல்லாருக்கு?"

அவர் கண்ணைத் திறந்தார். இப்படி யாரும் கேட்டதே இல்லை. இடுப்புவலி தெரியாது, தூக்கம் வரும் என்றார்.

"கெட்டது?"

மாவுக்கட்டைக் காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "எம்மக விஜிக்கு நிச்சயதார்த்தம் வருது. தட்டு மாத்த மச்சினனை உக்கார வைக்கதாப் பேசிட்டாக. பெத்தவன் நான் உசுரோட இருக்கேன்!"

காளீஸ்வரி உச்சுக்கொட்டவில்லை. "ஈரல் வீங்கியிருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு. விடுறதும் குடிக்கிறதும் உங்க இஷ்டம்ண்ணே, நீங்கதான் முடிவெடுக்கணும். விடுறதா இருந்தா மாத்திரையை நிப்பாட்டிராதிய. கை கொஞ்ச நாள் நடுங்கும். பயப்படாதிய."

அவ்வளவுதான் பேச்சு. எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பால்பாண்டிக்குக் கோபம் கோபமாக வந்தது. முறைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே, அதற்கும் ஆளில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று தனுஷ்கோடி பூசாரியிடம் வாங்கிய கயிற்றோடு வந்தான்.

"கையை நீட்டுங்க மச்சான். இதைக் கட்டினாத்தான் தட்டு. இல்லேன்னா நான் மாத்துவேன்."

"கட்ட மாட்டேன்."

"கயிறில்லாம நீங்க ஒரு பொழுது தாங்க மாட்டிய."

"ஏலே, மூணு வாட்டி கட்ட வச்சியே, மூணு வாட்டியும் குடிச்சேன்லே! கயித்தைக் கழத்தி வேப்பங்கன்னுல மாட்டிட்டுக் குடிச்சேன். இந்த வாட்டி கயிறில்லாமக் குடிக்காம இருக்கேன். தட்டை நான்தான் மாத்துவேன். எவன் தடுக்கான்னு பாப்போம்."

கட்டில் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த வெள்ளத்தாய்க்கு அழுகை நின்றுபோனது. "பாவி மனுசா, சாமி கயித்தையா வேப்பங்கன்னுல தொங்கவிட்ட!"

வீட்டில் சாயங்காலம்தோறும் வேர்த்துக் கொட்டியது, நாக்கு கேட்டது. வாசலில் கட்டிலைப் போட்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டு கிடந்தார். வெள்ளத்தாய் திட்டிக்கொண்டே மாத்திரை கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ராஜபாளையத்திலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். பால்பாண்டி காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே போலீஸ்காரன் மாதிரி தனுஷ்கோடி. தட்டைத் தூக்கியதும் கை நடுங்கியது. வெற்றிலை ஆடியது, எலுமிச்சம்பழம் உருண்டு சம்பந்தி காலடியில் விழுந்தது. சம்பந்தி முகம் மாறிவிட்டது. "காலையிலயேவா?" என்று பின்னால் ஒரு குரல்.

"குடுங்க மச்சான், நான் பிடிக்கேன்." தனுஷ்கோடி தட்டில் கை வைத்தான்.

"கையை எடுலே!" சபையே அதிர்ந்தது. பால்பாண்டி சம்பந்தியை நேராகப் பார்த்தார். "குடிச்சா இந்தக் கை நடுங்காது சம்பந்தி. ஒரு குவார்ட்டர் உள்ள போனா கம்முனு நிக்கும். குடிக்காததாலதான் நடுங்குது. சந்தேகம்னா கிட்ட வந்து மோந்து பாருங்க."

சம்பந்தி லேசுப்பட்டவர் இல்லை. உண்மையிலேயே குனிந்து மோந்து பார்த்தார். மாத்திரை வாடையும் காப்பி வாடையும்தான் அடித்தது. நிமிர்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

உள்ளேயிருந்து விஜி எழுந்து வந்தாள். பெண் இந்நேரம் சபைக்கு வரலாமா என்று யாரோ முனகியதை அவள் கண்டுகொள்ளவில்லை. எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"நடுங்கினா நடுங்கட்டும்ப்பா. நீங்களே குடுங்க."

வெற்றிலை இரண்டு கீழே விழத்தான் செய்தது. தட்டைக் கொடுத்தது பால்பாண்டி.