இரண்டு சுண்டு பாலைப்பழம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு மடையன். என் மனைவி இதை முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். போன கிழமை நெடுங்கேணிச் சந்தையில்தான் நான் அதை ஆதாரத்தோடு நிரூபித்தேன்.

விஷயம் இதுதான். என் மகன் நெடுங்கேணிப் பிள்ளை ஒருத்தியை விரும்பிவிட்டான். முறைப்படி போய்ப் பெண் கேட்க வேண்டும். தகப்பன் வயல்காரர், கண்டிப்பான மனிதர், டவுண் ஆட்களின் எடுப்பு அவருக்குத் துண்டறப் பிடிக்காது என்று தகவல். கிளிநொச்சியில் எங்களை பஸ் ஏற்றிவிட வந்த மகன் என் கையைப் பிடித்தான்.

“அப்பா, அங்கை போய் வாயைத் திறந்து பகிடி விடாதேங்கோ. அவருக்குப் பிடிக்காட்டி என்ர கதை முடிஞ்சுது.”

நானாவது... பகிடியாவது!

பஸ் எங்களை அரை மணி நேரம் முந்தியே இறக்கிவிட்டது. வெறுங்கையோடு போகக்கூடாது என்று மனைவி வாழைப்பழச் சீப்புகளைப் புரட்டத் தொடங்கினார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் — புது ஊருக்குப் போனால் கால்கள் என்னைக் கேட்காமலே சந்தைக்குள் நுழைந்துவிடும். போத்தலில் காட்டுத்தேன், சட்டியில் எருமைத் தயிர்... நக்கிப் பார்க்கத் தந்ததையெல்லாம் நக்கிப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு ஓலைக் கடகம் நிறைய, மஞ்சள் மஞ்சளாகப் பாலைப்பழம்! அன்று காலை காட்டில் மரமேறி ஆய்ந்தது. வேப்பம்பழம் அளவுதான். ஆனால் அந்த இனிப்பு இருக்கிறதே...

பழம் விற்ற பெண் தகரப் பேணி நிறைய ஒரு சுண்டு அளந்து பையில் போட்டுத் தந்தார்.

“அண்ணை, ஒரேயடியாத் தின்னாதேங்கோ. பால் இருக்கு, வாய் ஒட்டும்.”

“என்ர வாயோ? முப்பது வருசமா என்ர மனிசியாலயே மூடேலாத வாய், தங்கச்சி!”

பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். அந்த உற்சாகத்தில் இன்னும் ஒரு சுண்டு வாங்கி, நின்றபடியே தின்னத் தொடங்கினேன்.

ஒரு ஊரில் எது ருசி என்று ஊர்க்காரரைக் கேட்போம். அவர்களே எச்சரித்தால் மட்டும் கேட்கமாட்டோம். நம்மில் யார் விதிவிலக்கு?

ஓட்டோவில் ஏறும்போது உதடு பிசுபிசுத்தது. பெண் வீட்டுப் படலையைத் திறக்கும்போது ஒட்டியே விட்டது. முற்றத்துக் குழாயில் கழுவிப் பார்த்தேன். இன்னும் இறுகியது!

“வாங்கோ, இருங்கோ.” தகப்பன் கதிரையைக் காட்டினார். முகத்தில் சிரிப்பில்லை. “மகன் என்ன வேலை செய்யிறார்?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ம்ம்ம்,” என்றேன்.

“உங்களுக்குக் கூடப்பிறந்த ஆக்கள் எங்கை இருக்கினம்?”

“ம்ம்.”

மனிதரின் புருவம் ஏறியது. மனைவி என் தொடையில் கிள்ளினார். அந்தக் கிள்ளுக்குக் கல்லும் வாய் திறந்திருக்கும். நான் திறக்கவில்லை. மகனின் கல்யாணம் என் இரண்டு உதடுகளுக்கு நடுவில் சிக்கிக் கிடந்தது.

“ஏன், எங்களோட கதைக்கிறது உங்களுக்குக் குறைவோ?” குரல் தடித்துவிட்டது.

வேறு வழி? சட்டைப் பைக்குள் இருந்ததை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கசங்கிய பை. அடியில் மிச்சமாய் நாலு பாலைப்பழம்.

அவர் பழத்தைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார்.

“எவ்வளவு திண்டனீங்கள்?”

இரண்டு விரலைக் காட்டினேன்.

“ரெண்டு பழத்துக்கு இப்பிடி ஒட்டாதே...”

தலையை ஆட்டி மறுத்தேன்.

“ரெண்டு சுண்டோ!”

கதிரை அதிரச் சிரித்தார். குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்: “பிள்ளை, தேத்தண்ணி பிறகு! முதல்லை தேங்காயெண்ணெயைக் கொண்டோடி வா!”

ஆக, எங்களுக்கு மருமகளாக வரப்போகிறவள் தேநீர்த் தட்டோடு வரவில்லை. எண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“டவுண் ஆக்கள் எங்கட காட்டுப்பழத்தைக் கண்டா மூஞ்சையைச் சுழிப்பினம் எண்டெல்லோ நினைச்சிருந்தனான்,” தகப்பன் கண்ணைத் துடைத்தபடி என் மனைவியிடம் சொன்னார். “இப்பிடி வாரித் தின்னுற மனிசன்ர வீட்டிலை என்ர பிள்ளைக்கு என்ன குறை? எங்களுக்குச் சம்மதம் அக்கா.”

எண்ணெய் பூசி என் உதடு பிரிவதற்குள் நல்ல நாள் பார்க்கும் பேச்சே தொடங்கிவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தீரே என்ர கெட்டித்தனத்தை? ஒரு சொல்லும் சொல்லாமலே காரியத்தை முடிச்சிட்டன்!”

மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்:

“அதாலைதான் முடிஞ்சது.”