அம்மாவுக்கு மேட்ச் இருக்கிறதாம்!

போன திங்கட்கிழமை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அதிர்ச்சி இன்னும் முழுசாக இறங்கவில்லை.

கனடாவில் இருக்கும் என் தங்கைக்குப் பிரசவ நேரம் நெருங்குகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற நம்மவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? மகளுக்குப் பிள்ளை என்றால் அம்மாவுக்கு விசா! தங்கையும் நானும் போனிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்தோம். படிவம் நிரப்பியது நான். கையெழுத்து மட்டும் அம்மா.

விசா அலுவலகத்தில் டோக்கன் எடுத்து உட்கார்ந்திருக்கிறோம். எங்களுக்கு முன்னால் இரண்டே பேர். அம்மா என் பக்கம் திரும்பி, வெகு சாதாரணமாகச் சொன்னார்:

"பிள்ளை, நான் இப்ப போகேலாது. அடுத்த மாசம் எனக்கு மேட்ச் இருக்கு."

மேட்ச்...? யாருக்கு? அறுபத்தேழு வயது. சுகர், பிரஷர், முழங்கால் வலி — என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கரம்போர்ட் மேட்சாம். இரட்டையர் பிரிவாம். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் அவர் கோயிலுக்குப் போகிறார் என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போனது கொழும்பு-காலி வீதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சனசமூக நிலையத்துக்கு!

ஏனம்மா பொய் சொன்னீங்கள் என்று கேட்டேவிட்டேன்.

"எங்க போறீங்கள் எண்டு நீ எப்ப கேட்டனீ? குடையைக் கொண்டு போங்கோ எண்டு மட்டும்தான் சொன்னனீ."

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நாங்கள் எழுந்து வெளியே வந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். நம்பாமல்தான். அம்மாவின் ஜோடி நசீமா, பக்கத்து ஒழுங்கையில் தையல் கடை வைத்திருப்பவர். பெயர் கொடுத்தாகிவிட்டதாம், இனி ஆளை மாற்ற முடியாதாம். அம்மா போய்விட்டால் அவருக்கும் போட்டி இல்லை. கறியில் உப்புக் கூடிவிட்டது என்று நாங்கள் முகம் சுளித்தால் பேசாமல் இருக்கிற என் அம்மா, எதிராளி காயைக் கையால் தள்ளினார் என்று அங்கே சண்டைக்கே நின்றார். சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, பவுடர் கையைச் சேலையில் துடைத்தபடி சிரித்தார் பாருங்கள்... அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

தங்கையிடம் சொன்னபோது அவளும் அழுதாள். கரம் பெரிசோ, நான் பெரிசோ என்று கேட்டாள். முதல் பிள்ளை. பயம் இருக்காதா? நான் சமாளிக்க வாயெடுக்குமுன் அம்மா போனை வாங்கிவிட்டார்.

"நீயும் பெரிசு, இதுவும் பெரிசு. விசாவுக்குத் திரும்பக் குடுக்கிறன், மேட்ச் முடிஞ்ச அடுத்த கிழமை வாறன். அதுவரைக்கும் மருமகன் பிள்ளையைக் குளிக்க வார்க்கட்டும்."

"சரியம்மா" என்றாள் தங்கை. குரல் இன்னும் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது.

அம்மாக்கள் காலையில் எத்தனை குளிசை போடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். பின்னேரம் எதற்காகச் சேலை மாற்றுகிறார்கள் என்று கேட்டிருக்கிறோமா?

இதை எழுதி முடித்து அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரிதானாம். நசீமாவின் பெயர்கூட இருக்கிறதாம், தன் பெயரைத்தான் எங்கேயும் காணவில்லையாம்.

பூரணலட்சுமி. எழுதிவிட்டேன்.