பொங்கல் விழாவில் சாகக் கூடாத தகப்பன்

புலம்பெயர்ந்து வந்த இடத்திலும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் ஒரு நாடகம் போட்டாக வேண்டும். பார்க்க யாருக்கும் ஆசையில்லை. சாப்பிட ரோல்ஸ் வரும்வரை கதிரையில் இருப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் ஓர் அமெரிக்க நாடகத்தைத் தமிழாக்கிக் கொண்டுபோனேன்.

அதில் ஊர் ஊராக அலைந்து சரக்கு விற்கும் ஒரு தகப்பன். மகன் பெரிய ஆளாவான் என்று வாழ்நாள் முழுக்க அளந்துகொண்டே இருக்கிறார். மகன் ஆகவில்லை. தன்னால் முடியாது என்று மகன் அழுது சொன்னாலும் அவர் காதில் ஏறாது. கனவோடேயே செத்துப்போகிறார்.

தகப்பனாக நடிக்க என் அப்பாவையே கேட்டேன். மகன் நான். காரணம் இருந்தது. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு மனோர் பார்க் பக்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன், விரும்பித்தான். அப்பாவோ கோயிலில் காண்பவர்களிடமெல்லாம் "தம்பி போக்குவரத்து எஞ்சினியர்" என்று சொல்லித் திரிந்தார். அதே ஆட்கள் என் பஸ்ஸிலேயே ஏறி, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை கோயிலில் அவரிடம் எஞ்சினியர் மகனைச் சுகம் விசாரிப்பார்கள். வீட்டில் நான் பேச்செடுத்தால் அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். மேடையில் எங்கே ஓடுவார், கேட்டுத்தானே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

சங்கச் செயலாளர் பிரதியின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"பொங்கலும் அதுவுமா மேடையில சாவு விழுத்த ஏலாது தம்பி. பிரதம விருந்தினர் வேற வாறார்."

"அண்ணை, அதுதானே நாடகமே."

"மகனை டொக்டராக்கிவிடும். சனம் சந்தோசமாச் சாப்பிட்டு வீட்ட போகட்டும்."

குழுவிலிருந்த எல்லாரும் ஓம் போட்டார்கள். பெற்றோல் ஷெட்டில் கல்லாவில் நிற்பவர் ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு மனேஜர்; கிடங்கில் பெட்டி தூக்குபவர் கொம்பனி டிரெக்டர். கனவு பலிக்காத குடும்பத்தின் கதையை இவர்களிடம் கொண்டுபோன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சாவை வெட்டினார்கள். மகன் மனம்விட்டுப் பேசுவதையும் வெட்டினார்கள். எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் கிடைத்தன.

விழா குரோய்டனில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. கடைசிக் காட்சியில் டொக்டர் மகன் தகப்பனின் காலில் விழ வேண்டும், அவர் ஆசீர்வதிப்பார், திரை. நான் விழவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அப்பா, நான் டொக்டரும் இல்லை, எஞ்சினியரும் இல்லை. பஸ் ஓட்டுறன். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

செயலாளர் திரைக்கயிற்றைத் தேடி ஓடினார். அப்பா என்னை நேராகப் பார்த்தார். பேசியது நாடகத்து மகன் இல்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. கடைசியில் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் என் தோளில் கைபோட்டு என்னைச் சபையின் பக்கம் திருப்பினார்.

"சின்னனிலயிருந்தே இவன் இப்பிடித்தான் பகிடி விடுவான். நாளைக்கு விடிய ஒப்பரேஷன் செய்யப் போறவன்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. இந்த மனிசருக்கு வெட்கமே இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது அவர், சபையைப் பார்த்துச் சிரித்தபடியே, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"தம்பி, காலில விழு ராசா."

அதட்டலாகச் சொல்லியிருந்தால் இறங்கிப் போயிருப்பேன். அவர் கெஞ்சினார். நான் விழுந்தேன்.