மூன்று முத்திரை குத்திய சஞ்சிகை

1. கணினிக்கு இடம்

எங்கள் கல்முனைக் கல்லூரி நூலகத்துக்குப் புதுக் கணினிகள் வரப்போகின்றன என்று பணிப்பாளர் சொன்னபோது எல்லோரும் கைதட்டினோம். நூலகரான என்னைப் பார்த்து அவர் சொன்ன அடுத்த வசனத்தில் கைதட்டல் நின்றுவிட்டது.

"சுபைதா, கடைசி ரெண்டு றாக்கையையும் வெறுமையாக்குங்க. அங்கதான் வைக்கிற."

அந்த இரண்டு புத்தகத் தட்டுகளிலும் பைண்ட் செய்த பழைய சஞ்சிகைகள் இருந்தன. அவற்றில் ஒன்று, கிழக்கு மாகாண நெல் வேளாண்மை பற்றி வந்துகொண்டிருந்த காலாண்டிதழ். பச்சை அட்டை. நின்றுபோய்ப் பல காலம். இடையிடையே இதழ்களும் இல்லை.

நூலகத்தில் ஒன்றை வேண்டாமென்று கழித்து வெளியேற்றுவது லேசான காரியமல்ல. அதற்கு ஒரு குழு உண்டு. அந்தக் குழு கேட்கும் முதல் கேள்வி, "வேற எங்கயும் கிடைக்குமா?" என்பதுதான். அக்கரைப்பற்றுப் பக்கம் உள்ள ஒரு கல்லூரி நூலகத்தில் இதே பச்சை அட்டைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். குழு சம்மதித்தது. கட்டிக் கதவோரம் வைத்தோம்.

2. அஸ்மா அலைந்த அலைச்சல்

அந்தக் கிழமையே அஸ்மா வந்தாள். நற்பிட்டிமுனை ஊர்ப் பிள்ளை, விவசாயம் படிக்கும் இறுதி வருட மாணவி.

"மிஸ், எங்கட வாப்பாட வயலுக்குள்ள உப்புத் தண்ணி ஏறிட்டு. முந்தியும் ஒருக்கா ஏறினதாம். அப்ப என்ன செஞ்சாங்க எண்டு ஆரும் எழுதியிரிக்காங்களா?"

கதவோரக் கட்டை அவிழ்த்தேன். அதிர்ஷ்டம், உப்பேறிய கரையோர வயல்கள் பற்றிய கட்டுரை ஒன்று இருந்தது. ஆனால் முதற்பகுதி மட்டும். மண் எப்படிக் கெட்டது என்று எழுதியிருந்தார்கள். எப்படித் திருத்தினார்கள் என்பது அடுத்த இதழில். அந்த இதழ் எங்களிடம் இல்லை. அவளை அக்கரைப்பற்றுக்கு அனுப்பினேன்.

மறுநாள் வெயிலில் வாடிய முகத்தோடு திரும்பி வந்தாள்.

"அங்க இல்லயாம் மிஸ். கல்முனையில இரிக்கி எண்டுதான் கழிச்சாங்களாம்."

உடனே அங்குள்ள நூலகர் அன்வர் சேரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சேர், அந்த நெல்லுச் சஞ்சிகை எங்க?"

"அது பழைய பேப்பர் கடைக்குப் போயிட்டே. உங்களிட்ட இரிக்கிதானே?"

"உங்களிட்ட இரிக்கி எண்டுதானே நாங்க கழிக்கப் போறம்!"

"அல்லாஹ்! றெஜினா மிஸ்ஸிட்டக் கேளுங்க கெதியா" என்றார்.

றெஜினா மிஸ் கல்முனையில் கிறிஸ்தவ சபை நடத்தும் ஆசிரியர் பயிற்சி நிலையத்தின் நூலகர். விசயத்தைக் கேட்டதும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"சுபைதா, நீங்க ரெண்டு பேரும் வச்சிருக்கிறீங்க எண்டு நாங்களும் கட்டி வச்சிருக்கம். நாளைக்கு ஏத்திப் போக லொறி வருது!"

மூன்று நூலகங்கள். ஒருவரையொருவர் நம்பினோம்; ஒருவரையொருவர் கேட்கவில்லை.

3. பேப்பர் மலை

றெஜினா மிஸ் லொறியை நிறுத்தினார். அவர் கட்டி வைத்தவற்றிலும் அந்த இதழ் இல்லை. இனி அன்வர் சேர் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பியதில்தான் தேட வேண்டும். அஸ்மாவும் நானும் பஸ் ஏறினோம்.

கடை அக்கரைப்பற்றுச் சந்தைக்குப் பின்னால் இருந்தது; அன்வர் சேர் அங்கே எங்களுக்காகக் காத்து நின்றார். முதலாளி கையை விரித்தார். "நிறுத்துத்தான் எடுத்த, பேரு பாக்கல்ல. அந்தா கிடக்கு, தேடுங்க."

அந்தா என்று அவர் காட்டியது ஒரு மலை. பரீட்சைத் தாள்கள், பத்திரிகைகள், பால்மாப் பெட்டிகள். ஸ்திரிக்கை போட்ட சட்டையில் ஒரு மடிப்பு விழுந்தாலும் முகம் சுளிக்கும் அன்வர் சேர், காற்சட்டையை மடித்துவிட்டு அதன் மேல் ஏறினார். நாங்கள் கீழே நின்று பிரித்தோம். பச்சை அட்டைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

"இதுல ரெண்டு புத்தகத்தக் கச்சான்காரர் கொண்டு போயிட்டார்" என்றார் முதலாளி, சந்தையில் நிலக்கடலை விற்பவரைச் சொல்லி. "நல்ல தடிச்ச கடதாசி, கச்சான் சுத்துறதுக்குத் தோது."

அஸ்மாவின் கண் கலங்கிவிட்டது. அன்வர் சேர் அவளைப் பார்த்துவிட்டு மறுபக்கம் இறங்கித் தோண்டினார். அட்டை கழன்ற ஒரு தொகுதியை இழுத்தெடுத்து அவளிடம் நீட்டினார். அவள் நின்றபடியே புரட்டினாள்.

"மிஸ்! இரிக்கி மிஸ்! ரெண்டாம் பகுதி!"

முதலாளிக்கும் சந்தோசம். "படிக்கிற புள்ளைக்கு எண்டா சும்மா கொண்டு போங்க" என்றார். எங்கள் தலைமுடி, புருவம் எல்லாம் தூசி. அன்வர் சேரைப் பார்த்து நானும், என்னைப் பார்த்து அவரும் சிரித்தோம்.

4. யாரிடம் வைப்பது?

மூன்று கட்டுகளையும் றெஜினா மிஸ்ஸின் மண்டபத்தில் பரப்பினோம். எங்களிடம் இல்லாதது அவரிடம் இருந்தது. இருவரிடமும் இல்லாதது பேப்பர் மலையிலிருந்து வந்தது. கச்சான் சுற்றப் போன இரண்டு புத்தகங்களில் இருந்த சில இதழ்களைத் தவிர முழுத்தொகுதியும் சேர்ந்துவிட்டது.

அதுவரை எவருக்கும் வேண்டாத சாமான் அது. இப்போது மூவருக்கும் வேண்டும். றெஜினா மிஸ்ஸின் கூரை ஒழுகும். என் இடத்தில் கணினி வந்துவிட்டது. அக்கரைப்பற்றில் மேல்மாடி, ஈரமில்லை.

"எனக்குத் தாங்க" என்றார் அன்வர் சேர். "ரெண்டாந்தரம் விக்க மாட்டன்."

சிரித்துக்கொண்டே கொடுத்தோம். அன்றைக்கே சில விசயங்களைப் பேசி முடித்தோம். ஒன்றைக் கழிக்கும் முன் மற்ற இருவரையும் கேட்க வேண்டும். கடைசிப் பிரதி என்றால் மூவரில் ஒருவர் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். வாங்குவதிலும் அப்படித்தான்: விவசாயம் அன்வர் சேருக்கு, கல்வியியல் றெஜினா மிஸ்ஸுக்கு, வணிகம் எனக்கு. ஒரே பாடநூலை மூவரும் வாங்குவதை நிறுத்தினோம். மாணவர் கேட்டால் புத்தகம் பஸ்ஸில் வரும். பச்சைத் தொகுதிகள் எல்லாவற்றிலும் மூன்று நூலக முத்திரையும் குத்தினோம்.

அஸ்மாவும் அவளுடைய வாப்பாவும் கட்டுரையில் இருந்தபடி, முதல் மழைத் தண்ணீரைக் கட்டி நிறுத்தி, பிறகு வடிகால் வெட்டி அதை உப்போடு இறக்கினார்கள். முழு வயலும் தேறவில்லை. பாதி பச்சையாக நின்றது. அதைப் படம் எடுத்து எங்கள் மூவருக்கும் அனுப்பினாள்.

பிறகொரு நாள் இருப்பெடுக்க வந்த கணக்காய்வாளர் அன்வர் சேரைப் பிடித்துக்கொண்டார். றெஜினா மிஸ்ஸும் நானும் அப்போது அங்கேதான் இருந்தோம்.

"என்ன இது, ஒரு புத்தகத்தில மூண்டு சீல்? இது ஆருட புத்தகம்?"

"மூண்டு பேருடயும், சேர்."

"அப்ப துலைஞ்சா?"

அன்வர் சேர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மூண்டு பேரும் தேடுவம், சேர். தேடிப் பழக்கமிரிக்கி."

நூலக வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். "அங்கே இருக்கும்" என்பது ஒரு நினைப்பு மட்டுமே. இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கழியுங்கள். கேட்கத் தொடங்கினால், பக்கத்து ஊரிலும் உங்களுக்கு ஒரு நூலகம் கிடைக்கும்.