எந்த மிஷினு?

வல்லரசுவுக்கு இடது கை மணிக்கட்டோடு சரி. எப்படிப் போனது என்று யாராவது கேட்டால், "ரயில்ல போச்சு நைனா" என்பார். வியாசர்பாடியில் தண்டவாளத்தைத் தாண்டாமல் யாரும் வளர்வதில்லை என்பதால், அதற்கு மேல் எவரும் துருவியதில்லை. பெற்ற மகள் மாயாவுக்கே ரயில் கதைதான் தெரியும்.

கம்பெனிக்கு வெளியே நிஜம் தெரிந்தது மனைவி ரமாபாய்க்கு மட்டும். திருவொற்றியூர் பக்கம் லாரிக்கு உதிரிபாகம் அடிக்கும் கம்பெனி ஒன்றில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினுக்குள் போன கை அது. கையைக் காக்கும் தடுப்புக் கம்பி இறங்கவில்லை என்று சொன்ன பிறகும் ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினார். போலீஸுக்குப் போகாமல் தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். தேறி வந்ததும் அதே கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, வெளியே கேட்டால் ரயில். மாயா அப்போது பால் குடிக்கிற குழந்தை. பெயரில் இருக்கிற வல்லமையெல்லாம் அன்றைக்கு வாய்க்கு வரவில்லை, தலையாட்டிவிட்டு வந்தார்.

இப்படிக் கதை பழகிப்போன மனிதரைத்தான் ராயபுரம் டீக்கடையில் திலீப் பார்த்தான். காசிமேட்டுப் படகுக்கார வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போடா என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவன். பார்த்த மாத்திரத்தில் சுற்றி வளைக்காமல் கேட்டான்:

"ண்ணா, உன் கைய வெட்டணும்ணா."

"இல்லாத கைய எப்டிடா வெட்டுவ?"

ரப்பரில் ஒரு கை செய்து பொருத்தி, அதை வெட்டப் போகிறானாம். படத்துக்குப் பெயர் 'செவுள்'. பேயே வராத பேய்ப்படம், முழுக்க ரத்தம். மூடிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் தோஸ்துகளை வைத்து எடுத்தார்கள். ரப்பர் கைக்குள் மீன் குடலை அடைத்தபோது வல்லரசுவுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் கையைப் பொருத்தி முடித்ததும் சிரிப்பு போய்விட்டது. கூட வந்திருந்த ரமாபாய் அந்த ரப்பர் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

கத்தி இறங்கியதும் அலற வேண்டும் என்பது திலீப் சொல்லிக் கொடுத்தது. வல்லரசு அலறவில்லை. கீழே கிடந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பக்கத்தில் இருப்பவனிடம் தண்ணீர் கேட்கிற குரலில், "மிஷின ஆஃப் பண்ணுடா" என்றார்.

நிஜமாகக் கை போன அன்று அவர் சொன்ன வார்த்தை அது. தன்னையறியாமல் வந்துவிட்டது. ஐஸ் ஃபேக்டரியில் மிஷின் ஏது? திலீப்புக்கும் புரியவில்லை. ஆனாலும் உடம்பு சிலிர்த்துப்போய் அதையே படத்தில் வைத்துக்கொண்டான்.

படம் ஏதோ வெளிநாட்டு விழாவில் ஓடியது. பாதியில் எழுந்து போனார்கள், ஒருவர் வாந்தி எடுத்தார் என்று செய்தி வந்தது. பிறகு அந்தக் காட்சியை மட்டும் யாரோ வெட்டி இணையத்தில் போட்டார்கள். அவ்வளவுதான், உலகம் கிறுகிறுத்துப் போனது. மிஷின் என்று அவர் சொல்வது கேமராவைத்தானாம். வலியில் ஷூட்டிங்கை நிறுத்தச் சொல்கிறாராம். ஆகவே நிஜமாகவே கையை வெட்டிவிட்டார்கள் என்று ஒருவன் கண்டுபிடித்தான். இன்னொருவன் சிவப்பு வட்டம் போட்டு விளக்கினான். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து, தடை செய்யணும் என்று இரண்டு பேரும் கலை என்று இரண்டு பேரும் சத்தம் போட்டார்கள்.

திலீப் ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். 'பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்' என்று ஒரு வரி போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டான். நல்ல பிள்ளைதான். ஆனால் வீடு தேடி வந்த புகழை வாசலிலேயே திருப்பி அனுப்ப எத்தனை பேருக்கு மனசு வரும்?

வல்லரசு இதையெல்லாம் கம்பெனி கேட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தார். படத்தில் ஒட்டுத்தாடியும் ரத்தமுமாக இருந்ததால் மேனேஜருக்கு அடையாளம் தெரியவில்லை. ஏழைத் தொழிலாளியின் கையை வெட்டிப் படம் எடுத்தவனைக் கைது செய் என்று ஒரு சங்கம் புகார் கொடுத்தது. போலீஸ் திலீப்பைக் கூப்பிட்டது. அடுத்து வல்லரசுவை.

"ரயிலுன்னே சொல்லிடுய்யா," என்றாள் ரமாபாய். "பொண்ணு காலேஜு சேர்ற நேரம். வேலையில கை வெச்சிட்டானுங்கன்னா இன்னா பண்றது?"

ஸ்டேஷனில் திலீப் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். வாசலில் கேமராக்காரர்கள். இன்ஸ்பெக்டர் வல்லரசுவின் கையைப் பார்த்தார்.

"தழும்பு பழசுதான். ஆனா எப்படிப் போச்சுன்னு எழுதாம இதை மூட முடியாது. சொல்லு."

"ரயில்ல போச்சு சார்."

"அப்ப ரயில்வே போலீஸ்ல கேஸ் இருக்கணுமே. இந்தப் பையனும் ரயிலுன்னுதான் சொன்னான், விசாரிச்சாச்சு, அப்படி ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன்னா இந்தப் பையன்தான் உள்ள போவான்." கொஞ்சம் குனிந்து கேட்டார். "மிஷினு மிஷினுன்னு சொன்னியே, எந்த மிஷினு?"

உலகமே கேட்ட கேள்விதான். நிஜக் கை போன அன்று ஒருத்தரும் கேட்காத கேள்வி. வல்லரசு திலீப்பைப் பார்த்தார். அந்தப் பையனின் கண் நிறைந்திருந்தது.

"பிரஸ் மிஷினு சார். நா வாட்ச்மேனா கீறனே, அந்தக் கம்பெனியில."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தடுப்புக் கம்பி, நர்சிங் ஹோம், ரயில் கதை. திலீப் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் முகத்தில் நிம்மதி வந்தது.

"அப்ப சினிமாவுல குற்றம் எதுவும் நடக்கல. கிளம்புங்கப்பா ரெண்டு பேரும்."

திலீப் எழுந்து கும்பிட்டான். வல்லரசு எழுந்திருக்கவில்லை.

"கம்பெனியில நடந்தது சார்?"

"அது பழங்கதைய்யா. உனக்கு அங்கதானே சோறு? 'பழைய விபத்து'ன்னு மட்டும் எழுதி விட்டுடறேன், கம்பெனி பேர் வராது."

மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வேலை நிற்கும், திலீப் வீட்டுக்குப் போவான், ரமாபாய் நிம்மதியாகத் தூங்குவாள். சரி என்று எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வல்லரசு தன் மொட்டைக் கையைப் பார்த்தார். ஒரு ரப்பர் கைக்கு ஊர் உலகமெல்லாம் நியாயம் கேட்டது. அவருடைய சொந்தக் கைக்கு அவரே கேட்டதில்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"பேர போடு சார்."

"யோசிச்சு சொல்லுய்யா."

"யோசிச்சு யோசிச்சுத்தான் சார் இவ்ளோ வருஷம் போச்சு. எழுதிக்க."

கம்பெனியின் பெயரைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வல்லரசு இன்னொரு தடவை, வாசலில் நின்ற கேமராக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னார்.